அண்டை வீட்டு நாயும் அரிசி மூட்டையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நாம் ஆலிம் அல்லர். மத்ரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளித் தமிழும்தான் நம் கைமுதல். கேரி தீவில் ஒரு மளிகைக் கடை வைத்துப் பிழைக்கிறோம். எனவே இங்கே எழுதுவதை மார்க்கத் தீர்ப்பாகக் கொள்ளாமல், கிதாபுகளில் ஓதியதையும் பெரியவர்களிடம் கேட்டறிந்ததையும் ஒரு கடைக்காரன் தன் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்ததாகக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

எடுத்துக்கொண்ட விஷயமோ நாய். அதிலும் ஓயாமல் எச்சில் வடிக்கும் நாய். சங்கத்தின் ஏட்டில் எழுத வேறு பொருள் அகப்படவில்லையா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்களுக்கு அண்டை வீட்டில் நாய் இல்லை என்பது நமக்குத் தெரியும். நம் வர்த்தகர் ஒருவர், கடை வாசலில் வந்து படுத்த பக்கத்து வீட்டு நாயின் மேல் வெந்நீரை ஊற்றிவிட்டார். இருபது வருடக் கொடுக்கல் வாங்கல் ஒரு செம்புத் தண்ணீரில் முடிந்து போயிற்று. அந்த வீட்டார் இப்போது உப்பு வாங்கவும் பந்திங் போய் வருகிறார்கள். அவரைக் கேட்டால், “நஜீஸ் அல்லவா, வேறென்ன செய்வது?” என்கிறார். வேறென்ன செய்யலாம் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கேரி தீவை அறியாத சகோதரர்களுக்கு இரண்டு வார்த்தை. சிலாங்கூரில் கோல லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தத் தீவை ஒரு பக்கம் லங்காட் ஆறும் மறுபக்கம் கடலும் சூழ்ந்திருக்கின்றன. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரே தீவுக்கு நிலைத்துவிட்டது. ஒரு காலத்தில் பால்மரம். இப்போது திரும்பிய பக்கமெல்லாம் செம்பனை. தோட்டத்து லயங்களில் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். சுங்கை பும்புன் முதலிய கிராமங்களில் மா மெரி என்னும் பூர்வ குடியினர் இருக்கிறார்கள். மரத்தில் முகமூடியும் உருவமும் செதுக்குவதில் அவர்கள் பேர் பெற்றவர்கள். காட்டுப்பன்றியும் கள்வரும் நடமாடும் தோட்டப் பிரதேசத்தில் நாய் இல்லாத குடியிருப்பைக் காண்பது அரிது. நம் இந்துச் சகோதரர்களில் பலர் அதனைப் பைரவரின் வாகனம் என்று மரியாதையும் செய்வார்கள். இவர்கள்தாம் நம் வாடிக்கையாளர்கள். இவர்கள் வாங்கும் அரிசி பருப்பில்தான் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இனி, இந்த எச்சில் எங்கிருந்து இவ்வளவு வருகிறது என்று பார்ப்போம். மனிதனுக்கு உடலெங்கும் வியர்க்கிறது. நாய்க்கோ பெரும்பாலும் பாதத்தின் அடியில்தான் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஆகவே, அது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயின் ஈரம் காற்றில் உலர்வதால் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நம் ஊர் வெயிலில் இதற்கு ஓய்வே கிடையாது. செயிண்ட் பெர்னார்டு, மாஸ்டிஃப் போன்ற சாதிகளுக்கு உதடு தொளதொளவென்று தொங்கும். ஊறுகிற எச்சில் வாய்க்குள் நிற்காமல் கயிறாக வடியும். தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பினால் பல அடி தூரம் தெறிக்கும். தமிழ்நாட்டு இராசபாளையமும் சிப்பிப்பாறையும் இறுகிய வாயுள்ளவை. அவற்றால் இந்தத் தொல்லை குறைவு. இரஷ்ய நாட்டுப் பாவ்லோவ் என்ற மருத்துவர், சாப்பாட்டின் அடையாளத்தைக் கண்டாலே நாய்க்கு எச்சில் ஊறுவதை ஆராய்ந்து பேர் பெற்றார். செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ம் வருடம் நோபல் பரிசும் பெற்றார். மளிகைக் கடை வாசலில் கருவாட்டு வாடை அடிக்கும் இடத்தில் நாய் என்ன செய்யும் என்பதை அறிய நமக்குப் பாவ்லோவ் தேவையில்லை!

திருக்குர்ஆன் ஷரீபில் அஃராஃப் அத்தியாயத்தின் 176வது வசனத்தில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாய் உவமையாக வருகிறது. துரத்தினாலும் இரைக்கும், விட்டுவிட்டாலும் இரைக்கும் என்ற கருத்து அதில் இருக்கிறது. அறிவு கொடுக்கப்பட்ட பின்னும் ஆசையின் பின்னே போன மனிதனைக் கண்டிக்கவே அந்த உவமை. நாயைத் திட்டுவதற்கு அந்த வசனத்தை ஆதாரம் காட்டுவோர், கண்டனம் யார் மேல் விழுந்திருக்கிறது என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள். அதே குர்ஆனில் குகைவாசிகளோடு அவர்கள் நாயும் வாசற்படியில் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு கிடந்ததாக கஹ்ஃபு அத்தியாயத்தில் ஓதுகிறோம். வெள்ளிக்கிழமைதோறும் அதை ஓதிவிட்டு வந்து வாசற்படியில் கிடக்கும் நாயைக் கல்லால் அடிப்பவரை என்னென்பது?

சரி, எச்சில் பட்டுவிட்டால் என்ன செய்வது? ஷாஃபிஈ மத்ஹபில் நாயும் அதன் எச்சிலும் கடினமான நஜீஸ். இந்நாட்டு மலாய் மக்களும், காயல், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களிலிருந்து வந்த நம்மவர்களும் பெரும்பாலும் இந்த மத்ஹபினரே. எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீர். நாய் வாய்வைத்த பாத்திரத்தைப் பற்றி அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் இதற்கு ஆதாரம். முதலில் வழவழப்பு நீங்கும்வரை கழுவுவது எல்லாம் சேர்ந்து ஒரு தடவையாகவே கணக்காகும்; அதன் பிறகு ஆறு. மண்ணை முதல் தடவையிலேயே சேர்ப்பது விசேஷம்.

நம்மவரிடையே உலவும் சில எண்ணங்களுக்கு கிதாபில் இடமில்லை. நாய் தொட்டால் ஒளு முறிந்துவிடும் என்கிறார்கள், முறியாது. குளிப்புக் கடமையாகிவிடும் என்கிறார்கள், ஆகாது. பட்ட இடம் எதுவோ அதைச் சுத்தம் செய்தால் தொழலாம். உலர்ந்த உரோமம் உலர்ந்த துணியில் உரசிவிட்டுப் போனால் கழுவவும் தேவையில்லை. இரண்டில் ஒரு பக்கமாவது ஈரம் இருந்தால்தான் நஜீஸ் தொற்றும். துணி மூட்டையைச் சுமந்து லயம் லயமாகப் போன நம் முன்னோர்கள் நாளொன்றுக்கு எத்தனை நாயைத் தாண்டியிருப்பார்கள்! ஒவ்வொன்றுக்கும் ஒரு குளிப்பு என்றால் அவர்கள் விற்றிருக்க முடியுமா?

தமிழ்நாட்டின் உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்த ராவுத்தர் சகோதரர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். அவர்களுக்கு எச்சில் நஜீஸ்தான். ஆனால் நாயின் உடல் நஜீஸ் அன்று, மூன்று தடவை கழுவினால் போதும். இமாம் மாலிக் அவர்களோ எச்சிலும் சுத்தமே, ஏழு முறை கழுவுவது வணக்கத்தின் பாற்பட்டது என்றார்கள். பழக்கிய வேட்டை நாய் கவ்விய இரையைக் குர்ஆன் ஆகுமாக்கியிருக்கிறதே என்பது அவர்கள் தரப்பின் வலுவான வாதம். நாம் ஓதியது ஷாஃபிஈ, அதன்படியே நடக்கிறோம். ஆயினும், மூன்று தடவையோடு நிறுத்திய ராவுத்தரைப் பார்த்து “உம் தொழுகை கூடாது” என்று பள்ளிவாசல் ஹவுலுக் கரையில் சண்டைக்கு நிற்பவருக்கு ஏழு தடவை கழுவ வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது.

சந்தேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடை வாசலில் ஈரம் கிடக்கிறது. மழையா, நாயா தெரியவில்லை. தெரியாதவரை அது சுத்தமே. உமர் (ரலி) அவர்கள் ஒரு பயணக் கூட்டத்தோடு ஒரு தண்ணீர்த் தொட்டியண்டை வந்தபோது, உடன் வந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தொட்டிக்காரரிடம், மிருகங்கள் இங்கே குடிக்க வருமா என்று விசாரித்தார்கள். உமர் (ரலி) அவர்களோ அதை எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று தொட்டிக்காரரைத் தடுத்துவிட்டார்கள். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இருக்கும் செய்தி இது. காலையில் கடை திறந்ததும் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எச்சில் தேடும் சகோதரர்கள் இதை நினைவில் வைப்பார்களாக.

ஆனால், கண்ணால் கண்டுவிட்ட பின் கதையே வேறு. வர்த்தகருக்கு உண்மையான சோதனை இங்கேதான். நாய் அரிசி மூட்டையின் மேல் வாயை வைத்தது, நாம் பார்த்தோம், வேறு ஒருவரும் பார்க்கவில்லை. அரிசி உலர்ந்த பண்டம். ஈரம் பட்ட மணிகளையும் சுற்றியுள்ளதையும் தாராளமாக அள்ளி எடுத்துவிட்டால் மீதி சுத்தம். உறைந்த நெய்யில் எலி விழுந்தால் அதையும் சுற்றியுள்ள நெய்யையும் எடுத்து எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியை ஆலிம்கள் இதற்கும் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அள்ளிய அரிசியைக் கோழிக்குப் போடலாம். இதுவரை நஷ்டம் ஒரு படி, இரண்டு படி.

எண்ணெய் என்றால் நிலைமை கடினம். திறந்திருந்த தேங்காயெண்ணெய்த் தகரத்தில் எச்சில் விழுந்துவிட்டால், தகரம் முழுவதும் போயிற்று. எண்ணெயைக் கழுவிச் சுத்தமாக்க வழியில்லை என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் பலமான சொல். பள்ளிவாசலுக்கு வெளியே விளக்கெரிக்கலாம், விற்பதற்கு ஆகாது. விற்றால் அந்த வியாபாரமே செல்லாது. பதினைந்து கிலோத் தகரத்தை விளக்குக்கென்று ஒதுக்குவது எத்தனை பேருக்கு மனம் வரும்? இன்றைக்கு விளக்கு வைக்கிற வீடுதான் எத்தனை?

அப்போது ஷைத்தான் வந்து காதில் ஓதுவான்: “வாங்கப் போகிறவர் முஸ்லிம் அல்லர். அவருக்கு நஜீஸ் ஏது? அவர் வீட்டு நாய் அவர் தட்டையே நக்குகிறது. விற்றால் என்ன?” இப்படிப் பேசும் சகோதரர்களை நாம் காதாரக் கேட்டிருக்கிறோம். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். அந்தத் தகரத்தின் பக்கத்தில் “இதில் நாயின் எச்சில் விழுந்தது” என்று எழுதி வைத்துவிட்டு உம்மால் விற்க முடியுமா? முடியாதென்றால், நீர் விற்கப் போவது என்ன? நாய் வளர்க்கிற வீட்டுக்காரருக்கும் கடையில் வாங்கும் எண்ணெய் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் உண்டு. அந்த நம்பிக்கைக்குத்தான் அவர் காசு தருகிறார். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்ற கடுமையான எச்சரிக்கையையும் செய்தார்கள். வாங்குகிறவர் முஸ்லிமா, அல்லவா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. மழைநீர் நஜீஸும் அன்று, மறைத்ததே குற்றமாயிற்று. மழை ஈரத்துக்கே இந்த எச்சரிக்கை என்றால் எச்சில் ஈரத்துக்கு?

துணிக்கடைச் சகோதரர்களுக்கும் இதே கணக்குத்தான். தெறித்த எச்சிலை ஏழு தடவை கழுவிவிட்டால் சேலை சுத்தமாகிவிடும். ஆனால் கழுவிய சேலையை மடித்து வைத்து, கோடி என்று கூறி விற்கலாகாது. கழுவியது என்று சொல்லி விலையைக் குறைக்க வேண்டியதுதான். நஷ்டத்துக்கு நாய்க்காரரிடம் ஈடு கேட்கலாமா என்று ஒருவர் விசாரித்தார். மரியாதையாகக் கேட்பதில் பிழையில்லை. கடையைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே தூங்கியிருந்தால் மட்டும் கேட்காமலிருப்பது நலம்.

இனி வெந்நீர் விஷயத்துக்கு வருவோம். தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு ஈர மண்ணை நக்கிக் கொண்டிருந்த நாய்க்காக ஒரு மனிதர் கிணற்றில் இறங்கி, தம் தோலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயால் கவ்விக்கொண்டு மேலே ஏறி வந்து புகட்டினார். அல்லாஹ் அவரை மன்னித்தான். இந்த ஹதீஸை மத்ரஸாவில் ஓதாதவர் நம்மில் இல்லை. அந்த நாயின் இரைப்பைக் குறிக்க ஹதீஸில் வரும் அரபுச் சொல்லும், நாம் மேலே சொன்ன குர்ஆன் வசனத்தில் வரும் சொல்லும் ஒன்றே. நாய் வாய்வைத்த அந்தத் தோலுறையை அவர் பிறகு கழுவினாரா, அல்லது வேறொன்றில் ஊற்றிக் கொடுத்தாரா என்று இமாம்கள் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தது நன்மைதானா என்பதில் மட்டும் எவரும் விவாதிக்கவில்லை. நஜீஸ் என்பது கழுவுவதற்குரிய சட்டம். வதைப்பதற்கு அதில் அனுமதிச் சீட்டு எங்கே இருக்கிறது? மார்க்கம் ஒருபுறமிருக்க, நாட்டுச் சட்டமும் உண்டு. 2015ம் வருடத்து விலங்கு நலச் சட்டப்படி மிருகவதைக்கு 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். ஒரு செம்பு வெந்நீர் அந்த விலைக்கு அதிகம்.

2014ம் வருடம் அக்டோபர் 19ந் தேதி பண்டார் உத்தாமாவில் நாயைத் தொட்டுப் பார்க்க ஒரு நிகழ்ச்சி நடந்ததும், நாடே இரண்டுபட்டதும் பலருக்கு நினைவிருக்கும். தொட்டபின் மண்ணால் கழுவிக்கொள்ளும் முறையையும் அங்கே கற்பித்தார்கள். நம் அபிப்பிராயத்தில் நாயைத் தொடுவதற்கு ஒரு விழா அவசியமில்லை. அதற்காக ஏற்பாடு செய்தவருக்குக் கொலை மிரட்டல் விடுத்தது எந்த மத்ஹபைச் சேர்ந்தது என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

சரக்குக் கிடங்குக்குக் காவலாக நாமே ஒரு நாய் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்போரும் உண்டு. வேட்டை, மந்தை, பயிர் ஆகிய மூன்று தேவைகளுக்காகவன்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறைகிறது என்று ஹதீஸில் வந்திருக்கிறது. வீட்டுக் காவலையும் அந்த மூன்றோடு ஒப்பிட்டு அனுமதிக்கலாம் என்பதே சரியென்று இமாம் நவவீ அவர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள். மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கு “காவல்” என்று பெயர் சூட்ட வேண்டாம்.

ஒரு ஜாக்கிரதை. என்றும் வடிக்கிற நாய் வடித்தால் அது அதன் இயல்பு. வடிக்காத நாய் திடீரென்று வடித்தால் பல்வலியோ, தொண்டையில் சிக்கிய எலும்போ, வெப்பத் தாக்கோ, நஞ்சோ இருக்கலாம். குணம் மாறி, தண்ணீர் விழுங்க முடியாமல் நுரை தள்ளினால் வெறிநோயாகவும் இருக்கலாம். 2015ம் வருடம் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017ல் சரவாக்கிலும் வெறிநோய் தலைகாட்டியதை மறந்துவிடக் கூடாது. நோயுள்ள நாயின் எச்சிலில்தான் கிருமி இருக்கிறது. கடியாலும், புண்ணை நக்குவதாலும் நம்முள் இறங்குகிறது. கடிபட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பாரிஸில் பாஸ்டர் 1885ம் வருடம் கண்ட வழி. தமிழ்நாட்டில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907லிருந்து இதற்குப் பேர் பெற்றது. நோய் முற்றி வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, ஓதிய தண்ணீர் என்று நேரம் கடத்துவது தற்கொலைக்குச் சமம். ஏழு தடவை கழுவச் சொன்னது இந்தக் கிருமிக்காகத்தான் என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். அல்லாஹ்வின் தூதர் சொன்னார்கள் என்பதற்காக நாம் கழுவுகிறோம். மார்க்கத்துக்கு ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கித் தரும் வேலையை எவரும் நம்மிடம் ஒப்படைக்கவில்லை.

நம் கடையில் என்ன ஏற்பாடு என்று கேட்பீர்கள். அடுத்த வீட்டில் தோட்டக் காவல்காரர் ஒருவர், உதடு தொங்கும் பெரிய நாய் ஒன்றை வளர்க்கிறார். ஒரு நாள் மாலை அவர் வீட்டு வாசலிலேயே நின்று, “அண்ணே, எங்க மார்க்கத்துல இந்த எச்சில் பட்டா ஏழு வாட்டி கழுவணும். மூட்டையில பட்டா விக்க முடியாது. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்” என்றோம். அவர் சொன்னார்: “இது இவ்வளவு பெரிய விஷயம்னு யாரும் எங்களுக்குச் சொன்னதே இல்லையே, பாய். அடிக்கத்தான் வருவாங்க. கடை திறந்திருக்கிற வரைக்கும் கட்டிப் போடுறேன்.” அவ்வளவுதான். நாம் மூட்டைகளைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் பலகை போட்டு ஏற்றினோம். எண்ணெய்த் தகரங்களுக்கு மூடி போட்டோம். வாசலுக்கு நடுவுயரத்தில் ஒரு கதவு. நாய் நம் வாசலுக்கு வந்தது நிழலுக்காகவும் தண்ணீருக்காகவும் என்று அவர் சொன்னதால், அவர் வீட்டுப் பின்புறம் வைக்க ஒரு பழைய தொட்டியைக் கொடுத்தோம். மொத்தச் செலவு ஒரு தகரம் எண்ணெயின் விலைகூட ஆகவில்லை.

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தால், நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்ப விசாரிப்பார்களாம். அந்த வீட்டு மிருகங்கள் எப்படிப்பட்டவை என்று அவர்கள் விசாரித்ததாக நாம் ஓதியதில்லை.

கடைசியாக மண். மண் கலந்த சோப்புக் கட்டிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. எது கூடும், எது கூடாது என்பதை மாநில முஃப்தி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். நாம் பழைய முறையையே வைத்திருக்கிறோம். செம்பனை மரத்தடி மண்ணை எடுக்க வேண்டாம். அதில் மாட்டுச் சாணமும் உரமும் கலந்திருக்கும். மேட்டு நிலத்தில் ஒரு முழம் தோண்டி, அடியிலுள்ள மண்ணை எடுத்து, வெயிலில் உலர்த்தி, சல்லடையில் சலித்து ஒரு பிஸ்கட் தகரத்தில் மூடி வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு பிடி; தண்ணீர் கலங்கலாகும் அளவு இருந்தால் போதும். தகரத்தின் மேல் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். நம் கடைப் பையன் ஒருமுறை அதை மல்லித்தூள் என்று நிறுக்கப் போய்விட்டான்.

வஸ்ஸலாம்.